தேதி திருத்திய தாள்

விருத்தாசலம்
4.3.2007

அன்புள்ள விழிக்கு,

உன் அப்பாவின் செல்போனுக்கு மூன்று தடவை அடித்துப் பார்த்துவிட்டேன். ஒரு தடவை அவர் சோளக்காட்டில் இருந்தார். இன்னொரு தடவை ரோட்டு லாரிகளின் ஹாரன்தான் கேட்டது. மூன்றாம் தடவை உன் அம்மா எடுத்து, "அவ தூங்குறா மாப்ள, எழுப்பட்டுங்களா?" என்றார்கள். வேண்டாம் என்று வைத்துவிட்டேன். எண்களையெல்லாம் போனில் சொல்லிக்கொண்டிருக்கவும் முடியாது. அதனால் எழுதுகிறேன்.

இங்கே மாசி மகம். நாலு நாளாக ஜங்ஷனிலிருந்து கோயில் வரைக்கும் மனுஷன் நடக்க வழியில்லை. ஆற்று மணல் பூராவும் எச்சில் இலையும் ஈயும். வீட்டுக்குள் வந்தால் பிளாஸ்டர் தூள். சோற்றில் தூள், தலையணையில் தூள், டீயின் மேல் ஆடை மாதிரி தூள். நீ இருந்தபோது இது ஏன் தெரியவில்லை என்று யோசித்தேன். நீ துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறாய்.

நேற்று சாமிதுரை வந்தார். பீங்கான் ஃபியூஸ் கட்டையும் சாம்பிராணிக் கிண்ணமும் செய்கிற கம்பெனிக்காரர் என்று சொல்லியிருக்கிறேனே, அவர். கம்ப்யூட்டர் சொல்கிறபடி தானே நகர்ந்து வெட்டுகிற மெஷின், ஒரு வீட்டுக் கூடத்தில் நிற்பதை அவரால் நம்ப முடியவில்லை. வாய் நிறைய வெற்றிலையோடு அதைச் சுற்றிச் சுற்றி வந்தவர், நேராக அடுப்படிக்குப் போய், பாத்திரம் கழுவும் தொட்டியில் துப்பிவிட்டு வந்தார். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டு நின்றேன். கிண்ணத்துக்கு அவர் கேட்கிற பூ வேலைப்பாட்டைப் பிளாஸ்டரில் வெட்டிக் காட்டிவிட்டால், இதே மாதிரி மூன்று மெஷின் செய்து தரச் சொல்கிறார். நான் கம்பெனி வேலையை விட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. வேறு யாரும் இதுவரை கேட்கவில்லை.

சிக்கல் கட்டரைச் சுற்றுகிற ஸ்பிண்டிலில்தான். இதழுக்குப் போடும் மெல்லிய கட்டர், நிமிஷத்துக்கு ஆறாயிரம் சுற்றில் வெட்டாமல் பிய்க்கிறது. ஓரமெல்லாம் உதிர்கிறது. மோட்டார் பக்கம் பெரிய புல்லி மாட்டினால் பத்தாயிரத்துக்கு மேல் வரும் என்று கணக்குப் போட்டு வாங்கி வைத்திருக்கிறேன். மாற்றினால், மோட்டார் வேகத்துக்கு நீ செய்த போர்டில் எதைத் திருக வேண்டும்? வேகம் அளக்கிற அந்தத் துப்பாக்கி மாதிரிக் கருவியை எங்கே வைத்தாய்?

சாமிதுரை போர்டைப் பார்த்துவிட்டு, "இத யாருய்யா செஞ்சது?" என்று கேட்டார். பெங்களூர் இன்ஜினியர் ஒருத்தர் என்று சொல்லிவைத்தேன். வீட்டுப் பொம்பளை செய்தது என்றால் இளக்காரமாகப் பார்ப்பார். நீ தப்பாக நினைக்க மாட்டாய்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஏழாம் மாதம் முடிந்ததா?

கோகுலகிருஷ்ணன்


வேப்பூர்
9.3.2007

அன்புள்ள மாமாவுக்கு,

ஏழாம் மாதம் முடிந்து ஒன்பது நாள் ஆகிறது. கால் இரண்டும் வீங்கிச் செருப்புக்குள் போக மாட்டேன் என்கிறது. கேட்டீர்களே, அந்த மட்டும் சந்தோஷம்.

வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். வேகம் அளக்கும் டேகோமீட்டர் எங்கள் பாலிடெக்னிக் லேபுடையது. பிரசவ லீவில் வரும்போது திருப்பிக் கொடுத்துவிட்டேன். லேபில் மதுவந்தி மேடத்தைப் பாருங்கள், ஒரு நாளைக்குக் கொடுப்பார். அப்பா போனிலிருந்து அவருக்குச் சொல்லியாயிற்று.

புல்லியை மாற்றிவிட்டால் நான் எடுத்த பழைய அளவுகள் எல்லாம் செத்துப்போயின என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் திரையில் தெரிகிற எண், நாம் கேட்ட வேகம்தான். ஸ்பிண்டில் உண்மையில் என்ன ஓடுகிறது என்று அதற்குத் தெரியாது. நாம் அளந்து, போர்டைத் திருத்தி, அந்த இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். கால் மணி நேரம் சும்மா ஓட விடுங்கள். ஆறிய மோட்டார் ஒரு வேகம் காட்டும், சூடான மோட்டார் வேறு காட்டும். பளபளக்கும் ஸ்டிக்கரை விரல் நகம் அளவு வெட்டி ஸ்பிண்டிலில் ஒட்டுங்கள். ஒன்றுதான்; இரண்டு ஒட்டினால் இரட்டிப்பாகக் காட்டும். ஆயிரத்தில் தொடங்கி ஐந்நூறு ஐந்நூறாக ஏறுங்கள், அப்படியே இறங்கவும் செய்யுங்கள். ஒவ்வொரு படியிலும் கேட்டது எவ்வளவு, ஓடியது எவ்வளவு என்று எழுதுங்கள். போர்டில் இடது திருகு குறைந்த வேகத்துக்கு, வலது திருகு முழு வேகத்துக்கு. ஒன்றைத் திருகினால் மற்றது கெடும். நாலைந்து தடவை மாறி மாறித்தான் வழிக்கு வரும். பொறுமை வேண்டும்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். பிளாஸ்டர் கட்டியின் முகத்தை மட்டமாகச் சீவுகிற அகலக் கட்டர் நாலாயிரத்துக்கு மேல் சுற்றவே கூடாது. அதன் வெட்டு முனையை ஒரே ஒரு திருகாணிதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. நம் வீட்டுக்கு வேலைக்கு வரும் பாஞ்சாலை அக்கா, வெட்டிய அச்சைத் தேய்க்கிற பலகையை மெஷினுக்கு எதிரே போடாமல் ஜன்னல் பக்கம் தள்ளிப் போடுங்கள். இதை நான் ஊருக்கு வருவதற்கு முன்னாலும் சொன்னேன்.

பெங்களூர் இன்ஜினியருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். மூன்று மாதக் கர்ப்பத்தில், ஈயப் புகை பிள்ளைக்கு ஆகாது என்று மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொண்டு அந்தப் போர்டைப் பற்றவைத்தவள் நான். சாமிதுரை என்னை இளக்காரமாகப் பார்த்தால் எனக்கு ஒன்றும் குறையாது. நீங்கள் பார்த்ததுதான் என்னவோ போல் இருக்கிறது. தொட்டியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுங்கள்.

ஒரு நாள் வந்துவிட்டுப் போகலாம். முக்கால் மணி நேரப் பஸ்தானே.

வேல்விழி


விருத்தாசலம்
20.3.2007

அன்புள்ள விழிக்கு,

எல்லாம் நல்லபடி முடிந்தது. புல்லியை மாற்றினேன், அளந்தேன், நீ எழுதியபடியே செய்தேன். பூ அருமையாக வந்திருக்கிறது. இதழ் நரம்புகூடத் தெரிகிறது. சாமிதுரைக்குப் பரம திருப்தி. வேகம் சோதித்த சான்று ஒன்று கேட்டார், அதையும் கொடுத்தாயிற்று. மெஷின் வேலைகளை அடுத்த மாதமே தொடங்கச் சொல்கிறார்.

நீ மெஷினைப் பற்றி இனி யோசிக்க வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கு.

ஒரு சின்ன விஷயம். போன புதன்கிழமை பாஞ்சாலை வாசலில் கிடந்த உடைந்த டைல்ஸில் வழுக்கி விழுந்துவிட்டாள். கண்ணில் கொஞ்சம் அடி. பாண்டிச்சேரிக்குக் கூட்டிப் போய்க் காட்டினோம். பார்த்துக்கொள்கிறார்கள். யாராவது போனில் எதையாவது ஏற்றிச் சொன்னால் மனசில் போட்டுக்கொள்ளாதே. இந்த ஊரில் வாய்க்கா பஞ்சம்.

வேலை நெருக்குவதால் வர முடியவில்லை. மற்றவை நேரில்.

கோகுலகிருஷ்ணன்


வேப்பூர்
2.4.2007

திரு. கோகுலகிருஷ்ணன் அவர்களுக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை. மாமா என்றும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு நான் வெயிலுக்குப் பயந்து உள்ளே படுத்திருந்தேன். வாசலில் யாரோ என் பேரைச் சொல்லி விசாரிக்கிற குரல் கேட்டது. எழுந்து வந்து பார்த்தால் பாஞ்சாலை அக்கா. இடது கண்ணுக்கு மேல் பச்சைத் துணி. பஸ்ஸை விட்டு இறங்கி அந்த வெயிலில் தனியாக நடந்து வந்திருக்கிறார். அம்மா மோர் கொண்டுவந்து நீட்டினார். அவருக்குச் சொம்பு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பிடிபடவில்லை. கை சொம்புக்கு முன்னாலேயே மூடிக்கொண்டது. மோர் புடவையில் கொட்டியது.

நான் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஏம்மா வேலு, நீ படிச்ச புள்ளதான?" என்று கேட்டார்.

"ஆமாக்கா."

"அப்பறம் ஏம்மா தப்பா அளந்த?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நான் என்னாக்கா அளந்தேன்?" என்றேன். பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

"சாமிதொர அய்யாதான் குடுத்தாரு. 'எங்கள ஏன் கேக்குற? இத எழுதுனவ வேப்பூர்ல இருக்கா, அவளப் போயி கேளு'ன்னாரு. உன் வூட்டுக்காரரும் பக்கத்துலதான் நின்னாரு."

"அவரு என்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. ஆமான்னு தலைய ஆட்டுனாரு."

அது வீட்டில் போர்டு பக்கத்தில் நான் வைத்துவிட்டு வந்த என் தாளின் ஜெராக்ஸ். என் கையெழுத்து, என் கோடு, கீழே 'வே' என்று என் சுருக்கம். ஜனவரி பதினோராம் தேதி பழைய புல்லியில் நான் எடுத்த அளவுகள். தேதியை 11.1.2007 என்று எழுதியிருந்தேன். நடு ஒன்றைப் பேனாவால் வளைத்து மூன்றாக்கி இருக்கிறீர்கள். மூன்றின் வயிற்றில் என் ஒன்று இன்னும் குச்சியாகத் தெரிகிறது. மார்ச் பதினோராம் தேதி நான் இந்தத் திண்டில் சாய்ந்துகொண்டு வீங்கிய காலுக்கு ஒத்தடம் வாங்கிக்கொண்டிருந்தேன்.

மதுவந்தி மேடத்திடம் பேசினேன். நீங்கள் லேப் பக்கமே வரவில்லை என்கிறார். அப்படியென்றால் புல்லியை மாற்றிவிட்டு அளக்கவே இல்லை. அக்கா சொன்னதைப் பார்த்தால், பூ நன்றாக வந்ததும் மறுநாள் அதே புல்லியோடு அகலக் கட்டரை மாட்டியிருக்கிறீர்கள். திரையில் மூவாயிரத்து ஐந்நூறு என்று தெரிந்திருக்கும். உள்ளே எவ்வளவு ஓடியதோ! முனை பிய்த்துக்கொண்டு எதிரே அச்சு தேய்த்துக்கொண்டிருந்தவர் கண்ணில் போய்ப் பாய்ந்திருக்கிறது. வழுக்கி விழுந்தாராம், டைல்ஸாம். அந்தக் கண்ணில் இனிப் பார்வை வராது என்று பாண்டிச்சேரியில் அன்றைக்கே சொல்லிவிட்டார்களாம். அதை எனக்கு 'கொஞ்சம் அடி' என்று எழுதியிருக்கிறீர்கள்.

பெருமை என்றால் பெங்களூர் இன்ஜினியர். பழி என்றால் வேப்பூரில் இருக்கிற பொண்டாட்டி. ஒரே மாதத்துக்குள் இந்த இரண்டையும் எப்படி ஒரே வாயால் சொல்ல முடிந்தது? சாமிதுரை துப்பியதைப் பார்த்து உங்களுக்குக் குமட்டியதாம். அவர் தொட்டியில்தான் துப்பினார், நீங்கள் என் மேல்.

போன் செய்யாதீர்கள். போனில் பேசுவது காற்றோடு போய்விடும். நடந்தது என்ன என்று உங்கள் கையால் எழுதுங்கள்.

வேல்விழி


விருத்தாசலம்
6.4.2007

விழி,

ஊரில் ஆளாளுக்கு என்னைக் கடிக்கிறார்கள், நீயும் சேர்ந்துகொண்டாய். திரு போட்டு எழுதும் அளவுக்கு வந்துவிட்டது.

நடந்ததை எழுது என்றாய். எழுதுகிறேன். பதிமூன்றாம் தேதி பூவை வெட்டி முடித்தேன். பதினாலாம் தேதி காலையில் சாமிதுரை வருவதாகச் சொல்லியிருந்தார். பழைய புல்லிக்கு மாற்ற அரை நாள் ஆகும். நாலு கட்டிக்கு முகம் சீவ வேண்டியதுதான் பாக்கி. ஓடிவிடும் என்று நினைத்தேன். மூன்று கட்டி ஓடியது. நாலாவதில் இப்படி ஆகிவிட்டது. கட்டரின் திருகாணி பழையது. அதை யாரும் கணக்கில் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். பாஞ்சாலையை அன்றைக்கு ஜன்னல் பக்கம் உட்காரச் சொன்னேன். அங்கே காற்று வரவில்லை என்று அவள்தான் தள்ளிவந்து உட்கார்ந்தாள். இதற்கும் நான்தான் பொறுப்பா?

ஆஸ்பத்திரியில் மெஷின் என்று சொன்னால் போலீஸ் வரும். வீட்டில் மெஷின் ஓட்ட லைசென்ஸ் இருக்கிறதா, அது இருக்கிறதா, இது இருக்கிறதா என்பார்கள். சாமிதுரைதான் டைல்ஸ் என்று சொல்லச் சொன்னார். வைத்தியச் செலவை அவரே பார்த்துக்கொண்டார். அந்த மனுஷனிடம் போய் நான் எதிர்த்துப் பேச முடியுமா?

தலையை ஆட்டியது தப்புதான். அந்த நேரத்தில் வேறு என்ன செய்வது? உன் பேர் கெட்டால் என்ன ஆகிவிடும்? நீ என்ன கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கப் போகிறாயா? மாதம் பிறந்தால் உனக்கு லேபில் சம்பளம் வந்துவிடும். என் பேர் போனால் நான் இந்த ஊரில் எதை வைத்துப் பிழைப்பது? எல்லாம் உனக்கும் பிறக்கப்போகிற பிள்ளைக்கும்தானே.

பிரசவ நேரத்தில் இதையெல்லாம் கிளறாதே. உடம்புக்கு ஆகாது.

கோகுலகிருஷ்ணன்


வேப்பூர்
12.4.2007

திரு. கோகுலகிருஷ்ணன் அவர்களுக்கு,

எட்டு மாதமும் முடிந்துவிட்டது. மசக்கை போய் எத்தனையோ நாள் ஆகிறது. ஆனாலும் உங்கள் கடிதத்தில் பாதி வருவதற்குள் கொல்லைக்கு ஓடி வாந்தி எடுத்தேன். அம்மா முதுகைத் தடவிக்கொண்டே, "என்னாடி சாப்புட்ட?" என்றார். சாப்பிட்டது எதுவும் இல்லை என்றேன்.

காற்று வரவில்லை என்று தள்ளி உட்கார்ந்தாராம். கண்ணை இழந்தவர் மேல் அந்தப் பழியையும் போட்டு எழுதுகிற கை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அதே கைதான் ஜனவரியில் என் வயிற்றின் மேல் இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது. குளித்தும் போகவில்லை.

பிள்ளைக்காக என்று இன்னொரு தடவை எழுதாதீர்கள். பிள்ளை உங்களிடம் எதையும் கேட்கவில்லை.

உங்களிடம் மூன்று காரியம் கேட்கிறேன். டேகோமீட்டரை வாங்கி, இப்போது இருக்கிற புல்லியில், எந்தத் திருகையும் தொடாமல், உண்மை வேகத்தை அளந்து எழுதுங்கள். அந்தத் தாளை சாமிதுரையிடம் கொண்டுபோய், அளந்தது என் மனைவி இல்லை, தேதியைத் திருத்தியது நான் என்று சொல்லுங்கள். பிறகு பாஞ்சாலை அக்காவிடம் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் சொன்ன பொய்யை எங்கே எழுதித் திருத்த வேண்டுமோ அங்கே எழுதிக் கொடுப்பது நாலாவது. மூன்றையும் செய்தால் நாலாவது தானே தெரியும்.

இதையெல்லாம் செய்தால் நான் சமாதானம் ஆகிவிடுவேன் என்று எண்ண வேண்டாம். அதற்காகக் கேட்கவில்லை. பாஞ்சாலை அக்கா கேட்ட கேள்விக்கு நான் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. நான் அளக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், புருஷனைக் காட்டிக்கொடுத்துத் தப்பிக்கிறாள் என்று நினைத்துவிடுவாரோ என்று வாயை மூடிக்கொண்டேன். அதை நினைத்தால் என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருக்கிறது. அவர் பதில் இல்லாமலே பஸ் ஏறிப் போனார்.

வேல்விழி


விருத்தாசலம்
29.4.2007

விழிக்கு,

உன் கடிதத்துக்குப் பத்து நாள் எதுவும் செய்யவில்லை. முதல் இரண்டு நாள் கோபம். அப்புறம் கோபம் இல்லை. மெஷின் பக்கம் போகாமல் திண்ணையிலேயே படுத்துக்கிடந்தேன். கூடத்துத் தரையில், பாஞ்சாலை உட்கார்ந்த இடத்தில், பிளாஸ்டர் தூளில் கலந்து காய்ந்த கறை ஒன்று இருக்கிறது. ஒன்றரை மாதமாக அதைத் தாண்டித்தான் அடுப்படிக்குப் போய் வந்திருக்கிறேன். ஒரு நாளும் கழுவவில்லை. கழுவ வேண்டும் என்றே தோன்றவில்லை. அது எனக்கு இப்போதுதான் உறைத்தது.

இருபத்து மூன்றாம் தேதி லேபுக்குப் போனேன். மதுவந்தி மேடம் கருவியைத் தரமாட்டேன் என்றார். தானே எடுத்துக்கொண்டு வந்தார். கால் மணி நேரம் மெஷினை ஓட விட்டோம். நீ சொன்ன மாதிரி ஒரே ஸ்டிக்கர். "நீங்களே எழுதுங்க சார். நான் வாசிக்க மட்டும் செய்வேன்" என்றார். ஆயிரம் கேட்டேன், ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறு ஓடியது. இரண்டாயிரத்துக்கு மூவாயிரத்து அறுநூற்றுப் பத்து. மூவாயிரத்து ஐந்நூறு போட்டபோது எனக்குக் கால் பின்னால் நகர்ந்தது. அகலக் கட்டர் மாட்டவில்லை, வெறும் ஸ்பிண்டில்தான். ஆனாலும் நகர்ந்தது. பாஞ்சாலை உட்கார்ந்த நேரில்தான் நின்றுகொண்டிருந்தேன். கருவியில் ஆறாயிரத்து முந்நூற்றுப் பத்து. இன்னொரு தடவை அளக்கச் சொன்னேன். மறுபடியும் அதே எண். அளக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை விழி. அரை மணி நேரம்.

தாளில் அன்றைய தேதி போட்டு என் முழுப் பேரையும் எழுதினேன். போகும்போது மதுவந்தி மேடம், "வேல்விழி இத ஜனவரியில அளந்தப்ப ஏறுறதுக்கு ஒரு தாள், எறங்குறதுக்கு ஒரு தாள் வச்சிருந்தா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

சாமிதுரையிடம் போனேன். தாளை மேஜை மேல் வைத்துவிட்டுச் சொன்னேன். அவர் படிக்கக்கூட இல்லை. வெற்றிலையை மென்றுகொண்டே, "இதெல்லாம் எனக்கு அன்னிக்கே தெரியும்யா. ஒன் மூஞ்சியப் பாத்தாலே தெரியாதா?" என்றார்.

"தெரிஞ்சா அந்தத் தாள ஏன் பாஞ்சாலகிட்ட குடுத்தீங்க?"

"அவ வாசல்ல வந்து குந்திக்கினா. எதையாவது குடுத்து அனுப்பணுமில்ல? போவட்டும். புது மெஷின் மூணுக்கும் அந்தப் பழைய தாளயே ஒட்டு. பாக்க சுத்தமா இருக்குது. கையெழுத்தும் நல்லாருக்குது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். என்னைத் திட்டுவார், ஆர்டரை ரத்து செய்வார் என்றெல்லாம் பயந்துதான் இத்தனை நாள் போகாமல் இருந்தேன். அவருக்குக் கோபமே வரவில்லை. என்னைத் தன் ஆள் என்று நினைத்துத் தோளில் தட்டினார். தட்டிய இடம் சாக்கடை பட்ட மாதிரி இருந்தது. மெஷின் எதுவும் செய்து தர முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். அதைப் பெரிய காரியம் என்று உன்னிடம் சொல்லவில்லை. ஒன்றரை மாதம் அவர் சொன்ன பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

அங்கிருந்து பாஞ்சாலை வீட்டுக்கு. அவளும் அவள் புருஷன் காத்தவராயனும் இருந்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். புல்லி, வேகம், தேதி, தலையை ஆட்டியது, காற்று வரவில்லை என்று உனக்கு எழுதியது வரைக்கும். காத்தவராயன் எழுந்துவந்து என் சட்டையைப் பிடித்தார். பாஞ்சாலை, "வுடு" என்றாள். அவள் அழுவாள், திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப அந்தப் புள்ள மேல தப்பே இல்லியா?"

"இல்ல."

"வாயும் வயிறுமா இருக்கற புள்ளய, ஏம்மா தப்பா அளந்தேன்னு கேட்டுட்டு வந்துட்டனே. பதில் சொல்லாம நின்னுச்சு. பாவி, அத எங்கிட்ட கேக்க வச்சிட்டியே."

அதற்குப் பிறகு என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வாசலுக்கு வந்து வேலியோரம் வாந்தி எடுத்தேன். தெருவில் போனவர்கள், குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று நினைத்திருப்பார்கள்.

மறுநாள் காத்தவராயனையும் கூட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். ஆஸ்பத்திரியில் சொன்னது பொய் என்பதையும் எழுதினேன். வாங்கிக்கொண்டு ரசீது தந்தார்கள். மெஷினைக் கழற்றக் கூடாது, அப்படியே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். வழக்கு வரும். வரட்டும். நான் கம்பெனியில் பழைய வேலையைக் கேட்டிருக்கிறேன். பாஞ்சாலைக்கு என்ன செய்ய வேண்டும் என்று கோர்ட் சொல்வதற்கு முன்னாலேயே செய்யத் தொடங்க வேண்டும். எப்படி என்று தெரியவில்லை.

உன்னிடம் மன்னிப்பு கேட்டு ஒரு பத்தி எழுதினேன். படித்துப் பார்த்தால் சாமிதுரை சிரித்த மாதிரியே இருந்தது. கிழித்துவிட்டேன்.

கோகுலகிருஷ்ணன்


வேப்பூர்
17.5.2007

திரு. கோகுலகிருஷ்ணன் அவர்களுக்கு,

எட்டாம் தேதி விடியக்காலையில் பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோவுக்கு நூறு கிராம் குறைவு. சுகப்பிரசவம். அப்பா உங்களுக்கு உடனே போன் செய்கிறேன் என்று நின்றார். நான்தான் வேண்டாம் என்று தடுத்தேன். இந்த ஒன்பது நாளும் உங்களுக்குச் சொல்லாமல் இருந்தது என் முடிவு. அவர்கள் மேல் வருத்தப்படாதீர்கள்.

உங்கள் கடிதம் பிரசவத்துக்கு நாலு நாள் முன்பே வந்துவிட்டது. மூன்று தடவை படித்தேன். எழுதியிருப்பது உண்மை என்று நம்புகிறேன். மதுவந்தி மேடத்திடம் கேட்கவில்லை. கேட்காமலே நம்ப முடிந்தது.

ஆனால் அருவருப்பு போகவில்லை. போய்விடும் என்றுதான் நானும் நினைத்தேன். குழந்தை பிறந்தால் கரைந்துவிடும் என்று அம்மா சொன்னார். கரையவில்லை. குழந்தையின் மூக்கு உங்கள் மூக்கு. முதல் நாள் அதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்படித் திருப்பியதற்காக அன்று முழுக்க அழுதேன். இப்போது திருப்புவதில்லை. உங்கள் விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாஞ்சாலை அக்காவும் அவர் வீட்டுக்காரரும் குழந்தையைப் பார்க்க வந்தார்கள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு குழந்தையைக் கேட்டார். கொடுத்தேன். வழக்கமாக எல்லோரும் ஏந்துகிற இடது பக்கம் ஏந்திப் பார்த்தார். முகம் தெரியவில்லை போலிருக்கிறது. வலது பக்கம் மாற்றி ஏந்திக்கொண்டு, கழுத்தை வளைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "நெறம் ஒன்னோடது" என்றார். நல்ல வேளையாக மூக்கைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

வழக்கு வந்தால் சாட்சி சொல்ல வருவேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். ஜனவரியில் நான் எடுத்த அசல் தாள்கள், ஏற்றத்துக்கு ஒன்றும் இறக்கத்துக்கு ஒன்றும், லேபில் என் மேஜையில் இருக்கின்றன. மனைவி என்று ஒதுங்கி உட்கார மாட்டேன். உங்களுக்கு எதிராகத்தான் சொல்ல வேண்டியிருக்கும். இது உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும்.

லீவு முடிந்து ஆகஸ்டில் வேலைக்கு வருவேன். பாலிடெக்னிக் பக்கத்தில் அறை பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அம்மா கொஞ்ச நாள் கூட இருப்பார். அந்த வீட்டுக் கூடத்துக்குள் குழந்தையைக் கொண்டுவர மாட்டேன். எத்தனை நாளைக்கு, எப்போதுமேவா என்று கேட்காதீர்கள். எனக்கே தெரியாததை உங்களுக்கு எழுதித் தர மாட்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வரலாம். காலைப் பஸ்ஸில் வாருங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொள்ளுங்கள். நான் அறைக்குள் இருப்பேன். பேச வெளியே வர மாட்டேன். அப்பாவுக்கு மனசு கேட்காது, ராத்திரி தங்கச் சொல்வார். தங்காதீர்கள். நாலு மணிப் பஸ்ஸுக்குத் திரும்பிவிடுங்கள்.

வேல்விழி